கட்டிப் போட்டது குழந்தையை

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸ் சனங்கள் திருத்தணிக்கு ஓடி வந்த வருஷம் அது. எங்கள் வீட்டின் முன்னறையில் குடியிருந்த குடும்பம், பயம் தெளிந்து ஊர் திரும்பியபோது பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றிக்கொண்டு நாயை மட்டும் விட்டுவிட்டுப் போனது. என் வீட்டுக்காரர் அதை வைத்துக்கொண்டார். மெட்ராஸ் நாய் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

என் மகள் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். சோறு தின்னும்போது யார் கிட்டே போனாலும் நாய்க்கு ஆகாது. அவளோ சிரித்துக்கொண்டே அதன் தட்டுக்குப் போவாள். குரைக்கிற நாய் கடிக்காது என்று அவர் சமாதானம் சொன்னார். அந்த நாய் குரைத்ததே இல்லை. ஒரு நாள் அவள் கன்னத்தைக் கவ்விவிட்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போட்டபோது அவள் அலறித் துடித்தாள்.

"இனிமேலாச்சும் அத்த கட்டிப் போடுங்க" என்று கெஞ்சினேன்.

"கட்டிப் போட்டா நாய்க்கு வெறி ஏறும். கொயந்தய பாத்துக்கறத வுட உனக்கு இன்னா வேல?"

எனக்கா வேலை இல்லை! மாடும் அடுப்பும் களத்து வேலையும் யார் பார்த்தது? பழைய புடவையைக் கிழித்து, மகளின் இடுப்பில் ஒரு முனையும் தாழ்வாரத்துத் தூணில் ஒரு முனையுமாகக் கட்டினேன். நாய் வீடெங்கும் திரிந்தது. குழந்தை தூணைச் சுற்றி வந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து அவருடைய அக்கா புருஷன் வந்தார். மலையிறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவரின் புது வேட்டியை, தன் தட்டில் வாய் வைத்திருந்த நாய் பாய்ந்து கிழித்துவிட்டது. காலில் ஒரு கீறல்கூட இல்லை.

"இன்னா மச்சான், வூட்டுக்கு வந்தவன நாய வுட்டு கடிக்க வெக்கிறியா?" என்று வந்தவர் குதித்தார்.

பொழுது சாய்வதற்குள், கழுத்தில் கயிற்றோடு நாய் கனகம்மாசத்திரம் போகிற மாட்டுவண்டியில் ஏறிவிட்டது.

"கொயந்த இருக்கற வூடு பாருங்க பாவா. இந்த மாரி நாய வெச்சிகினு இருக்கலாமா?" என்று அக்கா புருஷனிடம் சொன்னார் என் வீட்டுக்காரர்.

ஒரு வேட்டிக்கு இருந்த மரியாதை என் பெண்ணின் கன்னத்துக்கு இல்லை. போய் அவள் கட்டை அவிழ்த்தேன். அவர் கையை நீட்டி, "வாம்மா, நைனாகிட்ட வா" என்று கூப்பிட்டார். அவள் போகவில்லை. போ என்று நானும் சொல்லவில்லை.