எண்ணெய் தின்னும் உயிரும் ஆயுத பூஜையும்

அழுக்கைத் தின்னும் நுண்ணுயிரைத் தேடுவது என் தொழில். இதில் அழுக்குக்குப் பஞ்சமே கிடையாது, உயிருக்குத்தான் பஞ்சம். விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஆறாவது வருடமாக முனைவர் பட்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு புதிய பாக்டீரியா இனத்தையாவது காட்டினால்தான் எழுந்திருக்க முடியும். என்னைப் போல் பாக்டீரியா வளர்க்கும் கண்ணாடித் தட்டை முறைத்துப் பார்த்தே கண் கெட்டவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

பஸ்ஸில் சேறு

தூத்துக்குடிப் பக்கம் ஒரு படகுத்துறையில் டீசல் ஊறிய கடலடிச் சேற்றை அள்ளி, ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவேன். எவ்வளவு இறுக்கி மூடினாலும் நாற்றம் டிக்கெட் வாங்காமல் கூடவே வரும். ஒருமுறை பக்கத்து சீட்டில் அச்சங்குளத்துப் பட்டாசுத் தொழிலாளி அம்மாள் ஒருவர். சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மீன் கெட்டுப்போச்சா என்று விசாரித்தார். சேறு என்றேன். மூக்கை விடாமலே பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

“ஏன் தாயி, நம்ம ஊரு கண்மாயில இல்லாத அழுக்கையா அங்கன போயி அள்ளிட்டு வாரீக?”

பெயர் வைக்கும் யோகம்

டீசலைத் தவிர வேறு சாப்பாடு இல்லாத நீரில் சேற்றைப் போட்டு வைப்போம். அதில் எது பிழைத்துப் பெருகுகிறதோ அதன் மரபணுவை, உலகத்தில் ஏற்கெனவே பெயர் பெற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் புதிய இனம். பெயர் வைக்கும் பாக்கியம் நமக்கு. எனக்குக் கிடைத்ததெல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போயின. இப்படியே நாலு வருடம் போனது. பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்யும் செல்வி ஒருநாள் என் ரிசல்ட்டை எட்டிப் பார்த்தாள்.

“பேரு ஏற்கெனவே வச்சுட்டாகடி. நீ வேணும்னா தாலாட்டுப் பாடு.”

அம்மாவின் கேள்வி

போன ஆடியில் ஒன்று ஒத்துப்போகவில்லை. எதோடும் ஒத்துப்போகவில்லை. சந்தோஷம் தாங்காமல் தாயில்பட்டிக்கு ஓடினேன். அம்மா அங்கே பட்டாசு கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவர். எத்தனை தேய்த்தாலும் அதன் வெள்ளிநிறப் பொடி விரலை விட்டுப் போகாது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கையை நீட்டி, இந்த மருந்தைத் திங்குமா என்றார். திங்காதும்மா, எண்ணெயை மட்டும்தான் என்றேன்.

“அப்ப அது கடலுக்கே இருக்கட்டும்த்தா. நீ கையக் கழுவிட்டுச் சாப்பிட வா.”

சந்தனப் பொட்டு

புதிய இனம் என்று உலகம் ஒப்புக்கொள்ள, அதை உயிரோடு இரண்டு நாட்டு நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். இன்னும் ஒரு சோதனை முடியட்டும் என்று, அதைக் குழாய்களில் அடைத்து ஃப்ரீசரில் உறையவைத்துவிட்டுத் தள்ளிப்போட்டேன். ஆயுத பூஜை வந்தது. ஆய்வக உதவியாளர் மாரிமுத்து அண்ணனிடம், எல்லாவற்றையும் நன்றாகச் சுத்தம் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். அவர் சிவகாசி அச்சகத்தில் முப்பது வருடம் இருந்தவர். அங்கே பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, லீவு முடிகிறவரை ஓய்வு கொடுப்பார்கள்.

நாலு நாள் கழித்து வந்தேன். ஃப்ரீசரின் பிளக் பிடுங்கியிருந்தது. உறைந்திருந்த ஐஸ் முழுவதையும் கரைத்துத் துடைத்து, பளபளவென்று வைத்திருந்தார். உள்ளே இருந்த என் குழாய்கள் மேசையில் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மூடியிலும் சந்தனம், குங்குமம். தட்டு தட்டாக வளர்த்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. மூன்றாவது வாரம் அண்ணன் பக்கத்தில் வந்து தலைகுனிந்து நின்றார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

“உள்ள உசுரு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?”

மறுபடி படகுத்துறை

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். தூர்வாரியிருந்தார்கள். புது மணல் தெரிந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் பழைய சேறு எங்கே என்று கேட்டேன். அழுதுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் சந்தோஷமாகக் கடலைக் காட்டினார்.

“அம்புட்டையும் அள்ளிட்டாக தாயி, இப்ப எப்படிச் சுத்தமா இருக்கு பாருங்க.”

கடலைச் சுத்தம் செய்யக் கிடைத்த உயிரை, ஃப்ரீசரைச் சுத்தம் செய்து கொன்ற ஆய்வகம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்பதில் மட்டும் ஐயமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க மரபணுகூட வேண்டாம்.