பிறந்த வீட்டுக் கோடி

சிதம்பரம் மேல வீதியில் அந்தத் துணிக்கடைக்குச் சேலை எடுக்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" பதிலைப் பொறுத்துத்தான் அவர் கை எந்த அலமாரிக்குப் போவது என்று முடிவாகும். மணவாளன் "கெட்டதுக்கு" என்றார். பச்சை நூல் சேலை ஒன்று வந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல் மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டு போய், வழக்கம்போலக் குமராட்சி மினிபஸ்ஸை எடுத்தார்.

தங்கை அமராவதி செத்துப்போன செய்தி வந்த அன்றும் அவர் வண்டிதான் ஓட்டினார். மத்தியானம் நாலு இட்லி தின்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார்கள். அழுகை என்பது அடுத்த வீட்டுச் சமாச்சாரம் போல இருந்தது.

ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. இந்தப் பக்கத்தில், கட்டிக்கொடுத்த பெண் செத்தால் கூடப் பிறந்தவன் யாரும் கட்டாத புதுச் சேலையைக் கோடியாகக் கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். பிறந்த வீட்டின் கடைசி மரியாதை அது. அமராவதியை டென்மார்க்கில் எரித்தார்கள். மணவாளன் போனில் பார்த்தார். பூவெல்லாம் இருந்தது, கோடி இல்லை. சாம்பல் ஊருக்கு வந்ததும் கலயத்தின் மேலாவது அதைப் போர்த்திவிட வேண்டும். அதைச் செய்துவிட்டால் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பது இளகிவிடும் என்று நம்பினார்.

சாம்பலைக் கொண்டுவந்தவள் அமராவதியின் ஒரே மகள். பேர் தமிழ்ச்செல்வி, தமிழ்தான் வராது. நர்ஸ் வேலைக்குப் போன இடத்தில் அமராவதி அந்த ஊர்க்காரனையே கட்டிக்கொண்டாள். அவன் பிரிந்து போனான். பிள்ளை பகல்நேரக் காப்பகத்திலும் பள்ளிக்கூடத்திலும் அந்த ஊர்ப் பாஷையில் வளர்ந்தது. "பேர வச்சா மட்டும் போதுமா, நாலு வார்த்த பேச வேணாமா?" என்று மணவாளன் ஒருமுறை போனில் சத்தம் போட்டார். "அதுங்கிட்ட தமிழ்ல பேசுனா ஊர் ஞாபகம் வந்துடுதுண்ணா. அப்புறம் வேலைக்கிப் போவ முடியல," என்றாள் அமராவதி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணனிடம் மட்டும் தமிழில் பேசுவாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை கேட்டதுதான் அதற்குத் தெரிந்த தமிழ் மொத்தமும்.

வந்த அன்று சாயங்காலம் மணவாளன் மஞ்சள் பையை அவளிடம் நீட்டினார். கலயத்தோடு வை, உன் அம்மாவுக்கு என்று சொல்ல வேண்டும். அவளுக்கு எது புரியும், எது புரியாது? இங்கிலீஷ் தெரிந்த மகள் இலக்கியா இன்னும் காலேஜிலிருந்து வரவில்லை. "இந்தா," என்றார். அந்த வார்த்தை அவளுக்குத் தெரிந்திருந்தது. பையைப் பிரித்துப் பார்த்தவள், வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறது இந்தப் பிள்ளை என்று மணவாளனுக்கு விளங்கவில்லை.

காலையில் விளங்கியது. பனியனுக்கும் பேன்ட்டுக்கும் மேலே அந்தப் பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு, எங்கெங்கோ ஊக்குக் குத்தி, கூடத்தில் வந்து நின்றாள்.

மணவாளனின் மனைவி சௌந்தரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இலக்கியா அப்பாவைப் பார்த்தாள். மணவாளன், "நேரமாவுது, வண்டில ஏறுங்க," என்றார்.

அப்பனையும் ஆத்தாளையும் கரைத்த இடம் கடலூர் தேவனாம்பட்டினம். அமராவதியையும் அங்கேதான் கரைப்பது. வாடகைக் காரில் புதுச்சத்திரம் தாண்டும்வரை சௌந்தரம் பொறுத்துப் பார்த்தாள்.

"எழவுச் சேலையக் கட்டிக்கினு உக்காந்திருக்குது, வயசுப் பொண்ணு. அவுக்கச் சொல்லுங்க."

"எந்தப் பாஷையில சொல்றது?"

"நான் சொல்லட்டாப்பா?" என்றாள் இலக்கியா.

மணவாளன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டார். தமிழ்ச்செல்வி மடியில் கலயத்தை வைத்துக்கொண்டு முதுநகர்த் தெருக்களை வேடிக்கை பார்த்தபடி வந்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது தெரிந்திருக்கும். அதற்குப் பாஷை வேண்டியதில்லை.

கரையில் இறங்கியதும், கோடி இல்லாமல் எப்படி இறக்குவது என்ற கேள்வி வந்துவிட்டது. இலக்கியா அவளைத் தள்ளிக் கூட்டிப்போய் இங்கிலீஷில் சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். தமிழ்ச்செல்வி மணலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சேலையை அவிழ்த்துக் கலயத்தைச் சுற்றிப் போர்த்தினாள்.

"கட்டுன துணி கோடியாவுமா?" என்றாள் சௌந்தரம்.

"அவ பொண்ணு கட்டுனது. ஆவும்," என்றார் மணவாளன்.

அப்படியே தண்ணீரில் இறக்கினார்கள். சாம்பல் கரைந்தது. பச்சைச் சேலை கொஞ்ச தூரம் அலையில் மிதந்து, பிறகு தெரியவில்லை. மணவாளன் இடுப்பளவுத் தண்ணீரில் காத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் இளகவில்லை. பஸ்ஸில் கடைசி டிரிப் முடித்து இறங்குவது போலக் கரையேறினார்.

ஈரத்தோடு தமிழ்ச்செல்வி எதிரே வந்தாள். வார்த்தைகளைத் தேடிப் பொறுக்கினாள்.

"அது அம்மாவுக்கு. எனக்கு, மாமன் சேல?"

இந்தப் பெண் வயசுக்கு வந்த வாரம், "மாமன் சேலை இல்லாம போச்சேண்ணா," என்று அமராவதி போனில் அழுதாள். தாய்மாமன் சேலை போட்டுத்தான் சடங்கு நடக்க வேண்டும். "வரும்போது எடுத்துக் குடுத்துட்டா போச்சி," என்றார் மணவாளன். அவர் மறந்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை மறக்கவில்லை. நேற்று பையைப் பிரித்துச் சிரித்தது அதற்குத்தான்.

திரும்பும்போது வீட்டுக்குப் போகாமல் காரை மேல வீதிக்கு விடச் சொன்னார். கடைக்காரர் ஈர வேட்டியை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வி மட்டும் மாறவில்லை.

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"நல்லதுக்கு," என்றார் மணவாளன். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நாளும் வராத அழுகையை அத்தனை பேர் முன்னாலும் அழுதார். கெட்டதுக்கு வந்தபோது மரம் மாதிரி நின்ற மனுஷன் நல்லதுக்கு வந்து அழுவதைப் பார்த்த கடைக்காரர், ஒன்றும் புரியாமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

தமிழ்ச்செல்வி அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரிந்த தமிழ் ஒன்றே ஒன்று இருந்தது. தாத்தா செத்த அன்று அம்மா போனில் மாமனிடம் சொன்னது. அதே குரலில், அதே இழுப்போடு சொன்னாள்.

"அழுவாதண்ணா."

யாரும் அவளைத் திருத்தவில்லை.