சுருட்டிய படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

சிட்னிக்குப் பக்கத்துச் சிற்றூரான விண்ட்சரில் யாருக்கு யார் என்ன உறவு என்று விசாரிக்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம்; அது வாய் திறக்காது. மற்றது தபால் நிலையத்தின் பின்னறையில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அங்கே காதில் கருவியை மாட்டிக்கொண்டு யூனா வென்னிங் உட்கார்ந்திருப்பாள். ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது இலாகா விதி. கேட்காமல் வேலை நடக்காது என்பது நடைமுறை. யூனா இரண்டையும் மதித்தாள். எல்லாவற்றையும் கேட்டாள், எதையும் வெளியே விடவில்லை.

ஊரார் உறவெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவளுக்குத் தன் குடும்பத்து உறவு மட்டும் பிடிபடாமலே இருந்தது. அவர்களின் மூதாதை டாக்டர் ஜோசையா வென்னிங், இங்கிலாந்து நாடுகடத்திய கைதிகளின் கப்பலில் வைத்தியராக வந்து, விண்ட்சரை ஒட்டி ஓடும் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் நிலம் பிடித்துத் தங்கியவர். அவர் கப்பலில் வந்த கைதிகள் பெரும்பாலும் உயிரோடு கரையிறங்கினார்கள் என்பது குடும்பப் பெருமை. இறங்கிய பிறகு அவர்கள் பட்ட பாடு வைத்தியரின் பொறுப்பில் வராது.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சிட்னிக்குப் போனான். அந்த வழியில் வக்கீல்கள், வைத்தியர்கள், கடைசியாகப் பல் டாக்டர் லயனல். இளையவன் ஆற்றோரத்திலேயே ஆரஞ்சு போட்டான். அந்த வழியில் யூனாவும் அவள் அப்பா கிளாரியும். மூத்தவனைப் பெற்றவள் இங்கிலாந்திலிருந்து வந்த சார்லட் சீமாட்டி, இளையவனைப் பெற்றவள் வீட்டு வேலைக்காரி என்பது சிட்னிக்காரர்கள் சொல்லும் கதை. ஆற்றங்கரைக்காரர்கள் அதை மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. ஒரு வெள்ளத்துக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் நடுவே அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம் கிளாரிக்கு இதயம் தகராறு செய்ய ஆரம்பித்தது. கல்லறைத் தோட்டத்தில் டாக்டரும் சார்லட்டும் கிடக்கும் இரும்பு வேலிக்குள் இன்னும் ஒரே ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. அதில்தான் படுப்பேன் என்று கிழவர் அடம் பிடித்தார்.

"எங்க படுத்தா என்னப்பா? மண்ணு மண்ணுதானே?"

"உனக்கென்ன புள்ள, நீ வயரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. எங்கப்பனை வேலிக்கு வெளியில போட்டானுங்க. உள்ள இடம் இருந்தும் வெளியில! நம்ம உடம்புல ஓடுறது டாக்டர் ரத்தம். அதை ஒருத்தனாவது ஒத்துக்கணும்."

அந்த இடத்தைக் கொடுக்கும் உரிமை லயனலிடம் இருந்தது. லயனலோ அதைத் தனக்கென்று வைத்திருந்தார். யூனா தானே இணைப்பைப் போட்டு அவரிடம் பேசினாள்.

"உங்க வருத்தம் புரியுது மிஸ் வென்னிங். ஆனா அந்தக் காலத்துல வேலைக்காரங்க பிள்ளைங்களுக்கு எஜமான் பேரை வைக்கிறது சகஜம். ரத்த சம்பந்தம்னு ஏதாவது ஆதாரம் இருந்தா வாங்க, பேசலாம்."

ஆதாரம் ஒன்றும் இல்லாமல், ஒரு பை ஆரஞ்சோடு, அந்தச் சனிக்கிழமை யூனா ரயிலேறி, சிட்னியின் கனவான்கள் குடியிருக்கும் கில்லாராவில் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள். லயனலின் மனைவி பெரில் டீயும் பழக் கேக்கும் வைத்தாள். லயனல் யூனாவின் முகத்தை விட்டுவிட்டு வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் கீழ்ப்பல் இப்படிக் கோணினது கிடையாது," என்று தீர்ப்புச் சொன்னார்.

"குதிரை வாங்குறவங்கதான் இப்படிப் பார்ப்பாங்க," என்றாள் யூனா.

பெரில் சிரிப்பை டீக்கோப்பைக்குள் மறைத்துக்கொண்டாள். பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மழை வலுத்து, விண்ட்சருக்குப் போகும் தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது. வேறு வழியில்லாமல் யூனாவை அந்த வீட்டிலேயே தங்கவைத்தார்கள்.

காலையில் கண் விழித்ததும், இது யார் வீடு என்ற நினைப்பே இல்லாமல், பிறந்ததிலிருந்து செய்துவந்ததை அவள் கைகள் செய்தன. மெத்தையைப் போர்வையோடு சேர்த்து இறுக்கச் சுருட்டி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகித் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். எதிர்க்கதவு திறந்தது. இரவு அங்கியோடு லயனல் வந்தார். அவர் தோளிலும் ஒரு சுருட்டிய மெத்தை. இரண்டு சுற்று, நுனி உள்ளே.

அவர் அதைக் கைப்பிடிச் சுவரோரம் வைத்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு, தோட்டத்தைப் பார்த்தபடி அதன் பக்கத்தில் அசையாமல் நின்றார். யூனாவும் தன்னுடையதை வைத்துவிட்டு அதே மாதிரி நின்றாள். மழை பெய்துகொண்டிருந்தது.

சமையலறை ஜன்னலில் பெரிலின் தலை தெரிந்தது. "கடவுளே! ஒண்ணு போதாதுன்னு இப்ப ரெண்டா?"

லயனல் யூனாவின் மெத்தையையே பார்த்தார். "இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கிறதுக்கு என்ன இருக்கு? எங்க வீட்டுல எல்லாரும் செய்வோம். நின்னு முடிக்காம எங்கப்பா காலைச் சாப்பாட்டுல கை வைக்க மாட்டார்."

"அப்படின்னா உங்க ஆளுங்க எங்களைப் பார்த்துக் காப்பியடிச்சிருக்காங்க." லயனலின் குரலில் பெருமை ஏறியது. "இது டாக்டர் கப்பல்ல போட்ட உத்தரவு. தினமும் படுக்கையைச் சுருட்டி மேல்தளத்துக்குக் கொண்டுவரணும். அவர் வந்து பார்த்துத் தலையாட்டுற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். அதனாலதான் யாரும் காய்ச்சல்ல போகல."

"யாருக்குப் போட்ட உத்தரவு?"

"கைதிகளுக்குத்தான்."

"டாக்டரும் தன் மெத்தையைத் தூக்கிட்டு வந்து நின்னாரா?"

"அவர் ஏன் நிக்கணும்? அவர் பார்வையிட வர்றவர்."

எக்ஸ்சேஞ்சில் இரண்டு ஊர்களை இணைக்கும்போது எழும் அதே மெல்லிய பரபரப்பு யூனாவுக்குள் எழுந்தது.

"அப்ப நீங்க ஏன் நிக்கிறீங்க?"

லயனல் தொங்கவிட்டிருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தார்.

பெரில் ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "நல்லாக் கேட்டம்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பார்க்கிறேன். இவர் நிப்பார், பசங்க நிப்பாங்க, மாமனார் இருந்தப்ப அவரும் நிப்பார். வந்து பார்க்கிறவர்னு இந்த வீட்டுல ஒருத்தரும் கிடையாது! டாக்டர்கிட்டேருந்து வந்த பழக்கம்னா ஒருத்தராவது கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடந்திருக்க வேணாமா?"

"எங்க வீட்டுலயும் எல்லாரும் நிக்கிறவங்கதான்," என்றாள் யூனா மெதுவாக. "பிள்ளைங்களுக்கு இதைப் பழக்கினவ கப்பல்ல வரிசையில நின்னவ. உங்க பக்கம் அவளைச் சீமாட்டின்னீங்க. எங்க பக்கத்தவளை வேலைக்காரின்னீங்க, சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டோம். ரெண்டு வீட்டுலயும் அதே ரெண்டு சுத்து, அதே நிப்பு; ஆள் ஒருத்திதான். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அவதான் அம்மா."

லயனல் முதலில் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அடைத்திருந்தது. கில்லாராவில் கைதியின் வாரிசு என்பதைவிடக் கடன்காரன் என்பது கௌரவமான சொல்.

"இது எக்ஸ்சேஞ்ச் வழியா வெளியில போச்சுன்னா..." என்று இழுத்தார்.

"என் வழியா இதுவரைக்கும் எதுவும் போனதில்லை."

"இடத்தை எடுத்துக்குங்க. ஏன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம்."

உறவை நிரூபித்ததற்குப் பரிசு இடம். பரிசுக்கு நிபந்தனை, நிரூபணத்தை மறந்துவிட வேண்டும். யூனா ஒப்புக்கொண்டாள். தண்ணீர் வடிந்ததும் ஊர் திரும்பினாள். கிளாரி மட்டும் 'யாருக்கும்' என்பதில் சேரமாட்டார் என்று ரயிலிலேயே முடிவு செய்துகொண்டாள்; அவரும் அந்த வரிசையில் நின்றவர்தானே.

கிழவர் முழுவதையும் கேட்டார். மகளுக்குப் பயமாக இருந்தது. டாக்டர் ரத்தம் என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்தியவரிடம் கைதிக்குப் பிறந்த வம்சம் என்று சொல்லியாயிற்று.

"அப்ப அந்தப் பொம்பளை வேலிக்குள்ளதான் கிடக்கா?"

"டாக்டருக்கு இடது பக்கம். கல்லுல சார்லட், அன்பு மனைவின்னு இருக்கு."

"எங்கப்பனை வெளியில தள்ளுனாங்களே, பெத்தவளை உள்ள வெச்சுக்கிட்டு!" கோபமாகத்தான் ஆரம்பித்தார், பாதியிலேயே சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, யூனா முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும் கேட்டார்: "காலி இடம் யார் பக்கம்?"

"அவ பக்கம்."

"நல்லதாப் போச்சு. அந்த டாக்டர் பக்கத்துல படுத்தா அசையாமக் கிடன்னு சொல்லுவான்."

ஆகஸ்டில் கிளாரியை வேலிக்குள் புதைத்தார்கள். லயனல் கறுப்புக் கோட்டோடு சிட்னியிலிருந்து வந்திருந்தார். ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் கைகுலுக்கி, இறந்தவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று விசாரித்தார். லயனல் யூனாவைப் பார்த்தார். யூனா தன் தொழில் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"சொந்தம்தான்," என்றார் லயனல்.

"அவரும் வென்னிங், நீங்களும் வென்னிங். அப்பா வழி உறவு, இல்லையா?"

லயனல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா வழி," என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.