மாமன் கிளையில் என் தங்கை

எங்கள் வம்சாவளியைக் கணினியில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், வீட்டில் வேறு யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. எந்த ஊர்க்காரர் செய்ததோ, கிழக்குப் பாலக்காட்டு வழக்கம் அதற்குச் சுத்தமாகத் தெரியவில்லை. நான் கட்டியிருப்பது அம்மாவின் அண்ணன் மகனை. அதைப் பதிந்ததும், 'இவர்கள் ஏற்கெனவே உறவினர்கள், சரிபார்க்கவும்' என்று சிவப்பில் எச்சரித்தது. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒன்பது கல்யாணம். ஒன்பது முறையும் 'சரிதான்' என்று அழுத்தினேன். பத்தாவது வந்திருந்தால் கணினியைக் கிணற்றில் போட்டிருப்பேன்.

சிவப்பு எழுத்தே வராத கல்யாணம் ஒன்று இருந்தது. அது என் தங்கையுடையது. மலைமேல் சின்னக்கானலுக்கு டீச்சர் வேலைக்குப் போனவள், அங்கே எஸ்டேட் குடும்பத்துக் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டாள். பதினோரு வருஷமாக அப்பா அவளோடு பேசவில்லை, அவள் பேரையும் எடுப்பதில்லை. வம்சாவளியில் அவளைச் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நன்றாகத் தலையாட்டிவிட்டு, அவளையும் அவள் வீட்டுக்காரரையும் இரண்டு பெண்களையும் சேர்த்துவிட்டேன். மறையூர்க் கரும்புக் காட்டில் நால்வரும் நிற்கும் படத்தையும் போட்டேன். அப்பா கணினிப் பக்கமே வரமாட்டார் என்ற தைரியம்தான்.

போன மாதம் மாமன், அதாவது என் மாமனார், தன் கிளையை மட்டும் தனியாக எடுத்து அனுப்பச் சொன்னார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டுமாம். மாமன் பேரைத் தொட்டு, 'இந்தக் கிளை மட்டும்' என்று கொடுத்தேன். அடியில் ஒரு கட்டம் இருந்தது: மருமகள்களின் பிறந்த வீட்டையும் சேர்க்கலாமா? சம்பந்தி வீட்டை விட்டுவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் அடுத்த விசேஷம் வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். யோசிக்காமல் டிக் செய்து அனுப்பினேன்.

அந்த வீட்டின் ஒரே மருமகள் நான்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மாமன் வீட்டில் நான் என்றைக்கும் தங்கச்சி மகள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மருமகள் என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை. ஆகவே மாமன் கிளையோடு என் பிறந்த வீடு முழுக்கப் போய்விட்டது, தங்கை குடும்பம் உட்பட.

மாமன் குரூப்பில் போட்ட பிறகுதான் அதைப் பார்த்தேன். குரூப்பில் அப்பாவும் இருக்கிறார். உடனே அழித்துவிடச் சொல்லி மாமனிடம் கெஞ்சினேன். அழிக்கத் தெரியாது என்றார். தினமும் நாலு காலை வணக்கப் படம் போட்டு, அதில் இரண்டை அழிப்பவர் அவர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மத்தியானம் அப்பா கூப்பிட்டனுப்பினார். அடுத்த தெருதான் என்றாலும் சுற்றுவழியாகப் போனேன். என்னையும் இனி வீட்டுப் படி ஏற விடமாட்டாரோ என்று பயமாக இருந்தது. போனபோது கண்ணாடி போட்டுக்கொண்டு, போனை மூக்கருகே வைத்து, இரண்டு விரலால் தங்கையின் பெண்கள் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். அடுக்களையில் பருப்பு கடையும் சத்தம் நின்றது. அம்மா காதை இங்கே வைத்துவிட்டாள்.

"பெரியவளுக்குப் பொறந்த தேதி போட்டிருக்கற. சின்னவளுக்குக் காணோமே?" என்றார் அப்பா.

திட்டு வாங்கத் தயாராகித்தான் வந்திருந்தேன். "தெரியலீங்கப்பா" என்றேன்.

அம்மா வாசற்படிக்கு வந்து, "ஆவணி மாசம், ரோகிணி" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக யார் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது.

அப்பா அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார்.

"உங்கொம்மா சொன்னா ஆச்சா? அதை அவளே சொல்லோணும். போனப் போட்டு எங்கிட்டக் குடு கண்ணு."