பதில் பாட ஆளில்லாத பாட்டு

புலம்பெயர்ந்து வந்த இந்தப் பனிநாட்டில், எங்கள் அம்மருட் குடியிருப்பில் பக்கத்து வீட்டு மத்தேயோ, பொலிவியாவின் மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய முன்னோர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாக அங்கு கொண்டுசெல்லப்பட்டவர்கள். போன குளிர்காலத்தில் அவருடைய ஒரே மகள் லூஸ் நோயில் இறந்துபோனாள். என் மகள் நிலாவுக்கு அவள்தான் உயிர்த்தோழி. அன்றிலிருந்து நிலா எவரோடும் கதைக்கவில்லை. இவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மத்தேயோ பனிக்குள் நின்று பாடத் தொடங்கினார். அவர்கள் ஊரில் ஆண்கள் கைகோத்து, ஒருவர் பாட மற்றவர்கள் பதில் பாடியபடி சவக்காலையிலிருந்து வீடு திரும்புவார்களாம். இங்கே பதில் பாட யாருமில்லை. முதல் வரியோடு அவர் குரல் உடைந்தது.

நிலா போய் அவர் கையைப் பிடித்தாள். அடுத்த வரியைப் பாடினாள்.

வீட்டுக்கு வந்ததும், "உனக்கு எப்பிடியடி தெரியும்?" என்றேன்.

"லூஸ்தான் பழக்கினவள், அம்மா. தன்ரை அப்பா செத்தால் பாட இஞ்சை ஆக்கள் இல்லை, பொம்பிளையள் எண்டாலும் நாங்கள் ரெண்டு பேரும் பாடுவம் எண்டவள்."

சொல்லிவிட்டு என் மடியில் விழுந்து அழுதாள். அத்தனை நாளும் அழாத பிள்ளை.

இன்றும் அவள் அறைக்குள் அந்தப் பாட்டு மெல்லக் கேட்கும். கதவைத் தட்டாமல், அது முடியும்வரை வெளியே நிற்பேன்.