வீராம்பட்டினத்து மணலும் எங்கள் பாத்ரூமும்

கெஞ்சிக் கேட்கிறேன், இதை எங்கள் வீட்டில் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவின் போனை எடுத்துவந்து பாத்ரூமுக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

நாளை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவ, ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னை அனுப்பினார்கள். சேற்றுத் தண்ணீரை மணலும் கரியும் போட்டு வடிகட்டும் மாடல். அந்தப் பிள்ளைகளில் மணல் கொண்டுவந்தவள் கடலோர வீராம்பட்டினத்துத் தர்ஷினி.

மாலையில் தண்ணீர் கண்ணாடி போல இறங்கியது. எல்லாரும் கைதட்டினோம். தர்ஷினி விரலால் தொட்டு நக்கினாள்.

“அக்கா, உப்புக் கரிக்குதுக்கா!”

“கடல் மணலயா எடுத்தாந்த?”

“எங்க வூட்டாண்ட வேற மணலே இல்லக்கா.”

மிஸ் சிரித்துவிட்டார். “வுடுங்கம்மா, காலையில கடையில ரெடிமேட் மாடல் வாங்கி வச்சிடலாம்.”

தர்ஷினிக்கு அழுகை வந்துவிட்டது.

“வேணாம் மிஸ், நான் மணலக் கழுவி எடுத்தாறேன்” என்றேன்.

பாதி மணலை வீட்டுக்குத் தூக்கிவந்து, உப்புப் போகும்வரை அலசிவிட்டேன். நானும் நக்கிப் பார்த்தேன், சுத்தமாகக் கரிக்கவில்லை. கழுவிய மணலையும் கழுவாத மணலையும் நாளை பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறோம். எந்தக் கடை மாடலும் இதைக் காட்டாது. பரிசு எங்கள் பிள்ளைகளுக்குத்தான்.

ஒரே சிக்கல். தண்ணீர் போகும் ஓட்டையில் மணல் அடைத்துக்கொண்டது. தண்ணீர் கணுக்கால்வரை நிற்கிறது. எப்படி எடுப்பது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கதவைத் தட்டுகிறார்கள்.

“இன்னாடி பண்ற உள்ள? தண்ணி ஹாலுக்கு வருது!”

அப்பாதான்.