மணி அடிக்கும் முன்

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் நான் வாடகைக்கு இருந்த அறை, தனியாக வாழ்ந்த ஒரு பெரியவர் வீட்டில்தான். நெட்டையான ஆள், துறைமுக வேலையில் காய்த்துப்போன கைகள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் கேரட்டையும் துண்டு போட்டு, எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் பிரட்டி ஓவனில் வைப்பார். கோழிக்கறிக்குத் தொட்டுக்கொள்ள அதுதான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, வேகும்வரை ஓவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள், "வெந்ததும் மணி அடிக்கும்லா அங்கிள். ஹால்ல வந்து உக்காருங்களேன்" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"அன்னைக்கும் அடிச்சிச்சி தம்பி. உங்க ஆன்டி கிச்சன்லதானே இருக்கா, எடுப்பான்னு நான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். கருகுன வாடை வந்தப்புறம்தான் எந்திரிச்சுப் போனேன். கீழ விழுந்து கெடந்தா. எவ்வளவு கூப்பிட்டும் மூச்சு இல்ல."

மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து ஓவனை அணைத்தார். என் தட்டில்தான் முதலில் வைத்தார்.

"சூடு, ஊதிச் சாப்பிடு."

கிழங்கு ஓரத்தில் மொறுமொறுவென்று, உள்ளே நல்ல இனிப்பாக இருந்தது. தட்டு காலியாகும்வரை ஊதி ஊதிச் சாப்பிட்டேன்.